ஒரே எண்ணில் இரண்டு பெட்டிகள்

கிட்ட வந்து உட்காருங்கள், என் கண்ணுகளா. சின்னக் கதைதான். உலையில் போட்ட அரிசி வேகிறதற்குள் சொல்லி முடித்துவிடுவேன்.

செலின் போனைக் காதில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏட்டி செலின், மறுபடியும் அவன் பெட்டிதான் தெறக்கு. பூரா சண்டப் படம். எம் புள்ளயக் காணும்."

போனில் கணவன் சிலுவையின் குரல். டர்பன் துறைமுகத்தில், மாலுமிகள் ஓய்வுக்கூடத்து வைஃபையில் இருந்தான். நம் ஊர் நேரம் நான்கு மணிக்குக் கப்பல் ஏறியாக வேண்டும். அதன்பிறகு பதினெட்டு நாள் கடல்தான்.

இங்கே தூத்துக்குடியில் மணி ஒன்றே கால்.

நேற்று மகள் பிலோமிக்கு மாதா கோயிலில் புதுநன்மை, முதல் தடவையாக நற்கருணை வாங்குகிற நாள். வெள்ளைக் கவுன், தலையில் பூமுடி, கையில் மெழுகுவர்த்தி. ஒரு மணி நேர வீடியோ. போனில் அனுப்பினால் போகாத கனம்.

அதை வீட்டு மீடியா சர்வரில் ஏற்றி வைத்திருந்தாள். டிவிக்குப் பக்கத்தில், வீட்டு வீடியோக்களைச் சேர்த்து வைக்கிற கறுப்புப் பெட்டி. எந்தக் கடலுக்குப் போனாலும் கரை இறங்கியதும் போனில் திறந்து பார்க்கலாம்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தான், போன மாதம் வரை.

"நான் பாத்துக்கிடுதேன். நீங்க காப்பியக் குடிங்க."

அவள் போனில் பெட்டி பட்டென்று திறந்தது.

அதுதான் ஏமாற்று. வீட்டு வைஃபையில் நின்றுகொண்டு பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

வைஃபையை அணைத்தாள். சிம் நெட்டில், வெளியாள் மாதிரி வந்து பார்த்தாள்.

சண்டைப் படம்.

மாடியில் இருக்கும் கொழுந்தன் கஸ்பாரின் பெட்டி.

தை மாதம் வீட்டைப் பிரித்தார்கள். கீழே அண்ணன், மேலே தம்பி. அடுப்பு பிரிந்தது. கரண்ட் மீட்டர் பிரிந்தது. படிக்கட்டு யாருக்கு என்று வந்த பேச்சில், பேச்சே நின்றுபோனது. புதுநன்மைக்கு மாடியில் சொல்லவில்லை.

நெட் லைன் மட்டும் ஒன்றாகவே இருந்தது. படி திரும்புகிற இடத்தில் ரவுட்டர். பழையது கெட்டுப்போய்ப் போன மாதம் புதிது வந்தபோது கஸ்பார்தான் மாட்டினான்.

"வேணும்னே நம்மள அடச்சிருக்கான். நீ அவன் லைனத் தூக்கிப் போடு." சிலுவையின் குரலில் சூடு.

லேப்டாப்பில் ரவுட்டருக்குள் போனாள். கடவுச்சொல் கேட்டது.

தெரியாது.

மாமனாரின் மீன்பிடி வள்ளத்தில் எழுதியிருந்த எண்ணை அடித்துப் பார்த்தாள். 4713.

திறந்தது.

அந்த வீட்டில் பீரோவுக்கும் அதுதான், போனுக்கும் அதுதான். அண்ணனும் தம்பியும் வேறொரு எண்ணை யோசித்ததே இல்லை.

உள்ளே ஒரே ஒரு வரி. வெளியிலிருந்து 4713 என்று வருகிறவரை மாடிப் பெட்டிக்கு அனுப்பு.

கீழ்ப் பெட்டிக்குச் சிலுவை வைத்திருந்ததும் 4713.

ரவுட்டர் ஓர் எண்ணுக்கு ஒரு கதவைத்தான் காட்டும்.

செலின் கொஞ்ச நேரம் அந்த வரியையே பார்த்தாள். அடைக்க நினைக்கிறவன் இந்த எண்ணையா பூட்டுக்கு வைப்பான்?

பக்கத்திலேயே அழிக்கிற பொத்தான். சிவப்பு.

தொடவில்லை. அதற்குக் கீழே புதிதாக ஒரு வரி சேர்த்தாள். 4714 என்று வருகிறவரைக் கீழ்வீட்டுப் பெட்டிக்கு அனுப்பு.

சிம் நெட்டில் பார்த்தாள். சுற்றிக்கொண்டே இருந்தது.

பதறவில்லை. காலையில் கரண்ட் போய் வந்தது நினைவுக்கு வந்தது. அப்படிப் போய் வந்தால் ரவுட்டர் பெட்டிகளுக்கு உள்முகவரியை மாற்றிக் கொடுத்துவிடும். பன்னிரண்டில் இருந்த பெட்டி பதினைந்துக்குப் போயிருந்தது.

திருத்தினாள். இனி மாறாதபடி கட்டியும் வைத்தாள்.

திறந்தது. வெள்ளைக் கவுன்.

"அட்ரஸ் கடைசியில 4714 போடுங்க."

அரைமணி நேரம் பார்த்தான்.

பிறகு குரல் வந்தது.

"நன்ம வாங்குற நேரத்துல யாரோ ஒரு கொண்ட வந்து மறைக்குட்டி. புள்ள மூஞ்சியே தெரியல." வீடியோவை நிறுத்தினான். "பக்கவாசல்ல போனத் தூக்கிப் பிடிச்சிட்டு நிக்கான்லா. அது கஸ்பாரா?"

அவள் ஓட்டிப் பார்த்தாள்.

கஸ்பார்தான். செருப்பைக் கழற்றிவிட்டு, நுனிக்காலில்.

"அவன் லைனத் தூக்கிட்டியா?"

கேட்டதில் பழைய சூடு இல்லை.

அவள் மறுபடியும் வைஃபையை அணைத்தாள். வெளியாள் மாதிரி, பழைய எண்ணில் போனாள். சண்டைப் படம். சண்டைப் படம். பேய்ப் படம். விரலால் தள்ளிக்கொண்டே போனாள்.

எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வீடியோ. நேற்று ஏற்றியது.

'நம்ம பிலோமி.'

மணி இரண்டே முக்கால்.

"தூக்கல," என்றாள். "பழைய நம்பரப் போடுங்க. கடைசி வரைக்கும் கீழ போங்க."

தூரத்தில் இருக்கிற உங்கள் பிள்ளை எந்த எண்ணில் தட்டினாலும் திறக்கட்டும், கண்ணுகளா. உங்கள் வீட்டுப் படிக்கட்டில் ஆள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கட்டும்.