நாலாவது டீ

தோழி ஃபெமினாவின் கல்யாணத்துக்குப் பொள்ளாச்சியிலிருந்து கோயமுத்தூர் வந்திருந்தோம். மண்டப வாசலில் ஏழு படிகள். சாய்தளம் இல்லை.

பதினோரு வருஷமாக எனக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு கிடையாது. போன தடவை வேறொரு மண்டபத்தில் வீல்சேரோடு தூக்கியபோது, நழுவிய இடது கால் படிகளில் உரசிக்கொண்டே போனது எனக்கே தெரியவில்லை. அந்தப் புண் ஆற மூன்று மாசம் ஆனது.

என் கணவர் ஞானாபரணம் பின்னால் பிடித்தார். எதிர் டீக்கடையிலிருந்து வந்த இரண்டு பேர் பக்கத்துக்கு ஒருவராகப் பிடித்தார்கள்.

"தூக்கலாங்களா அம்மணி?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். மேலே இறக்கியதும் முதலில் காலைத்தான் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. அப்பாடா என்றிருந்தது.

உதவினவர்களுக்கு டீ வாங்கித் தராமல் இவர் விடமாட்டார். கூட்டிப் போனார். கடைக்காரர் நாலு டம்ளர் வைத்தாராம்.

"மூணு பேர்தானுங்களே தூக்குனோம்?"

"அம்மணி காலைப் புடிச்சுட்டு வந்தாரே, அவருக்கு வேண்டாங்களா?"

திரும்பி வந்து என்னிடம் இதைச் சொல்லிவிட்டு இவர் சிரித்தார்.

சாயங்காலம் அதே மூன்று பேர்தான் என்னை இறக்கினார்கள். இந்த முறை நான் கண்ணை மூடவில்லை. காலருகே யாருமில்லை. மூன்றாவது படியில் இடது கால் நழுவியது. ஆனால் தொங்கவில்லை. படியில் படாமல், கடைசிப் படி வரைக்கும் நேராக நீண்டபடியே வந்தது. பிறகு மெதுவாக வீல்சேரின் கால் பலகையில் அமர்ந்தது.

மறுபடியும் டீ வாங்கித்தரக் கடைப் பக்கம் நடந்த இவரைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க, நாலு டீயாச் சொல்லிப்போடுங்க."