சிமெண்ட் முட்டை

கோழிகள் செங்கல் குவியல் பக்கம் போக மாட்டேன் என்றன.

மேஸ்திரி உடைத்த மக்காச்சோளத்தை வேண்டுமென்றே அந்தப் பக்கமாக வீசிப் பார்த்தார். இரண்டு கோழிகள் கழுத்தை நீட்டின, அவ்வளவுதான். சேவல் தள்ளி நின்று தொண்டைக்குள்ளேயே முனகிக்கொண்டிருந்தது.

தீனி போடுவது அவருடைய வேலையே இல்லை. இத்தனை நாளும் தங்கைதான் போட்டாள். கட்டிக்கொடுத்த இடத்தில் வாழ முடியாமல் ஒற்றைப் பையோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று விடிவதற்குள் எழுந்துவிடுவாள். கூட்டைக் கழுவி, தண்ணீர் மாற்றி, கம்பிவலையில் எங்காவது கிழிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பாள்.

முட்டைகள் காணாமல் போக ஆரம்பித்தபோது, கூட்டுக்குப் பின்னால் பாம்புச் சட்டை கிடந்ததாக அவள்தான் வந்து சொன்னாள். வலையை மாற்றச் சொன்னாள். மேஸ்திரி சிரித்தார். பாம்பு சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு முட்டையைக் கடைக்குக் கொண்டுபோகிறதோ என்று, அவள் காதில் விழும்படியே மனைவியிடம் கிண்டலடித்தார்.

ஊருக்கெல்லாம் சுவர் பூசுகிறவர். அவருக்கா யோசனை வராது?

ஒரு முட்டையில் சின்னதாகத் துளை போட்டு, உள்ளே இருந்ததை வடித்துவிட்டு, வெள்ளை சிமெண்டைக் குழைத்து ஊற்றினார். இறுகியதும் ஓட்டை உரித்தார். நிஜ முட்டை தோற்றுப்போகும். ஊற்றிய இடத்தில் மட்டும் கட்டைவிரலால் அழுத்திய ஒரு பள்ளம். மற்ற முட்டைகளோடு அதையும் வைக்கோலில் வைத்தார். சிமெண்டை முழுங்க பாம்புக்கு என்ன தலையெழுத்தா? இது காணாமல் போனால் எடுத்தது மனுஷக் கைதான். அவசரத்தில் அள்ளுகிற கைக்கு வித்தியாசம் தெரியாது.

அன்றிலிருந்து தங்கையைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தார்.

போன மாதம் ஒரு காலையில் அது காணாமல் போனது.

தெருவே பார்க்க, வாசலில் வைத்து அவள் பையைக் கொட்டச் சொன்னார். இரண்டு மாற்றுத்துணி, ஒரு சீப்பு, அப்பாவின் பழைய போட்டோ. முட்டை இல்லை. இல்லாததையே சாட்சியாக்கினார். பலே கைக்காரி, அதற்குள் கைமாற்றிவிட்டாள் என்றார்.

அவள் அழவில்லை. கொட்டியதை அள்ளிப் பைக்குள் வைத்தபடி ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"வலைய மட்டும் மாத்திடுண்ணா. கோழிங்க பாவம்."

இப்போது ஏதோ ஒரு விடுதியில் பாத்திரம் கழுவுகிறாளாம். ராத்திரி அங்கேயே மூட்டைகளுக்கு நடுவில் படுத்துக்கொள்கிறாளாம். பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். மேஸ்திரி எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவள் போன பிறகு ஒரு முட்டைகூடக் குறையவில்லை என்பதைத்தான் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

சேவல் மறுபடி முனகியது. அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் மேல்வரிசைச் செங்கல்களைத் தள்ளினார்.

பாம்பு கிடந்தது.

ஓட வேண்டியது ஓடவில்லை. தோல் தளர்ந்து, உடம்பு வற்றி, நடுவில் மட்டும் புடைத்துப்போய், தலையைத் தூக்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது. ஓங்கித் தலையில் ஒன்று போட்டார். இரண்டாவது அடி தவறி வயிற்றில் விழுந்தது.

ணங் என்றது.

அந்தச் சத்தம் அவருக்குத் தெரியும். இறுகிய பூச்சில் கரண்டி பட்டால் வருகிற சத்தம்.

மண்வெட்டி முனையால் கிழித்தார். அது வழுக்கிக்கொண்டு வெளியே வந்து காலடியில் நின்றது. எடுத்துப் புரட்டினார். பள்ளம் இருந்தது. கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். கச்சிதமாக உட்கார்ந்தது.

பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன்! இப்போதே கிளம்பினால் மத்தியானத்துக்குள் அந்த விடுதிக்குப் போய்விடலாம். தப்பு என்னுடையது, வாம்மா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்துவிடுவாள். குத்திக்காட்டக்கூட மாட்டாள். அவருக்கு அது நன்றாகத் தெரியும்.

ஆனால் அன்றைக்கு வேடிக்கை பார்த்த தெரு இருக்கிறதே, அதன் வழியாகத்தான் அவளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

குழி தோண்டிப் பாம்பைப் புதைத்தார். மேலே செங்கல்லை அடுக்கினார், வரிசை பிசகாமல். முட்டையைத் தொட்டித் தண்ணீரில் கழுவினார். அதை எங்கே வீசுவது என்று பார்ப்பதற்குள் பின்கதவின் தாழ்ப்பாள் இழுபட்டது. கைக்கு எட்டிய தூரத்தில் இருந்தது கூடுதான். வைக்கோலில் வைத்துவிட்டுத் தீனிக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டார்.

மனைவி முட்டை எடுக்க வந்தாள். கூட்டுக்குள் குனிந்தவள் அப்படியே நின்றாள். பிறகு அதை வெளியே எடுத்து, திருப்பி, பள்ளத்தைப் பார்த்தாள்.

"பாத்தீங்களா? யாருக்கும் தெரியாம வந்து, திருப்பி வெச்சிட்டுப் போயிருக்கா."

கோழிகள் இப்போது செங்கல் குவியல் பக்கம் போய்க் கொத்த ஆரம்பித்திருந்தன.

மேஸ்திரி கிண்ணத்திலிருந்து ஒரு பிடி அள்ளி வீசினார்.

"இப்பவாவது புத்தி வந்துச்சே," என்றார்.