பெல்ட் போட்டாச்சா?

ஆவடியில் மைத்துனிக்குக் கல்யாணம். முகூர்த்தத்துக்கு முக்கால் மணி நேரமே இருந்தது. முகப்பேர் வீட்டு வாசலில் நின்ற காருக்குள் எத்திராஜ் தன் சீட்டை முன்னே நகர்த்தி, சாய்மானத்தை நிமிர்த்திக்கொண்டிருந்தான்.

"இன்னாய்யா, தாலியே கட்டிடப் போறாங்க!" என்றாள் மனைவி சுலோசனா.

"உசுருதான் முக்கியம். பெல்ட்டு கழுத்துல உரசக் கூடாது, தோள் மேல வரட்டும். பின்னாடி பசங்களும் போட்டாச்சா?"

போட்டாச்சு. எத்திராஜ் சாவியைத் திருகினான்.

எதிர்வீட்டு பாஸ்கரன் தன் காரைப் பின்னால் கொண்டுவந்து நிறுத்தி, "கிளம்புறீங்களா சார்?" என்று ஆவலாகக் கேட்டார்.

தெருவில் இன்னொரு கார் நிறுத்த இடமே இல்லை. எத்திராஜ் இன்ஜினை அணைத்தான். "இல்ல சார், சும்மா குந்திகினு கீறோம்."

குடும்பமே நெருக்கி ஏறிய ஆட்டோவில், டிரைவர் பக்கத்தில் பாதி உடம்பு வெளியே தொங்க உட்கார்ந்திருந்த எத்திராஜ் நிம்மதியாகப் பின்னால் திரும்பினான்.

"நல்லவேள சுலோ, நம்ம எடம் பத்திரமா கீது."