பந்தயம் பார்க்கச் சிறந்த இடம்

பல தேசத்துப் பாய்மரப் படகுகள் பந்தயத்துக்கு வரும் நாள் அது. எங்கே உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும் என்று ஒரு கடற்காகம் மற்றப் பறவைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

"சிவப்பு மிதவைக்குப் பக்கத்தில் இருங்கள். பதினோரு படகும் அதைச் சுற்றித்தான் திரும்ப வேண்டும்."

முட்டையிடக் கரைக்குப் போய்க்கொண்டிருந்த ஆமை தலையைத் தூக்கியது. "அண்ணே, என் வழியும் அதுதான். முட்டையை இனி அடக்க முடியாது. படகு எவ்வளவு ஆழம் இறங்கும்?"

"ஆழமா? ஏம்மா, எல்லாரும் பாயைப் பார்க்க வந்தால் நீ அடியைக் கேட்கிறாயே! மேலிருந்து நான் பார்க்காத பந்தயமா? படகு இலை மாதிரி மிதந்து போகும். நீ கொஞ்சம் முங்கிக்கொண்டால் போதும்."

பறவைகள் சிரித்தன. வெட்கப்பட்ட ஆமை, சொன்னபடியே கொஞ்சம் முங்கிக்கொண்டு நீந்தியது.

படகுகள் வந்தன. முதல் படகின் அடியில் நீண்டிருந்த இரும்புத் தகடு ஆமையின் ஓட்டைப் பிளந்தது. படகு குலுங்கித் தயங்க, இரண்டாவது படகு முந்திக்கொண்டது. பறவைகள் கூச்சலிட்டுச் சிறகடித்தன. முட்டைகள் ஒவ்வொன்றாக ஆழத்துக்குப் போயின.

"பார்த்தீர்களா?" என்றது கடற்காகம். "வேறெங்கே உட்கார்ந்திருந்தாலும் இது இவ்வளவு கிட்டத்தில் தெரிந்திருக்குமா?"