முந்திக்கொண்ட மெசேஜ்

புதுச் சட்டையை நேமிகுமார் மறுபடி மடித்துக் கடைப் பைக்குள் திணித்தான். ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்துக்குப் பெண் பார்க்கப் போவதற்காக வாங்கியது. இனி அதற்கு வேலையில்லை.

திண்டிவனத்தில் ஒற்றை அறையில் உட்கார்ந்துகொண்டு, சமணக் குடும்பங்களுக்கான கல்யாணத் தளம் ஒன்றை நடத்துகிறவன் அவன். செஞ்சிப் பக்கம் பாதிப் பேருக்கு அதில்தான் வரன் அமைந்தது. அவன் மட்டும் சமண வழக்கப்படி பொழுது சாய்வதற்குள் தனியாகச் சாப்பிட்டு, தனியாகத் தட்டைக் கழுவி வைத்துக்கொண்டிருந்தான். ஊரார் கல்யாணத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், ஒருநாள் தன் பெயரையும் தளத்தில் சேர்த்துவிட்டான்.

முந்தாநாள் அவனுடைய தளமே அவனுக்கு மெசேஜ் அனுப்பியது: 'சன்மதி உங்களுக்குச் சம்மதம் தெரிவித்துள்ளார்.'

சன்மதி விழுப்புரத்தில் பள்ளிக்கூட டீச்சர். புகைப்படத்தில் அவள் சிரிக்கவில்லை. அடுத்த நொடி சிரித்துவிடுவாள் போலிருந்தாள். இவனுக்குத் தலைகால் புரியவில்லை. 'ஞாயிறு வீட்டுக்கு வருகிறேன்' என்று பதில் போட்டுவிட்டுத்தான் மூச்சு விட்டான்.

இன்று டேட்டாபேஸைத் திறந்து பார்த்தால் அவள் பெயருக்கு நேரே ஒன்றுமே இல்லை. காரணம் தேடியதில் தன் லட்சணம்தான் தெரிந்தது. சம்மதப் பொத்தானைத் தொட்டதுமே பின்னணியில் மெசேஜ் கிளம்பும்படி எழுதி வைத்திருந்தான். பதிவு சேமித்து முடியும்வரை அது காத்திருக்கவில்லை. சர்வர் நடுவில் படுத்துக்கொண்டதில் பதிவு அழிந்துபோய், மெசேஜ் மட்டும் இவன் கைக்கு வந்திருக்கிறது.

பதிவு முடிந்த பிறகே மெசேஜ் போகட்டும் என்று திருத்தினான். டேட்டாபேஸில் இல்லாதது உலகத்திலேயே இல்லை. இத்தனை வருஷமும் அவன் பிழைப்பு அந்த நம்பிக்கையில்தான் ஓடியது. எழுந்து பார்த்தபோது அறை வெறிச்சென்று கிடந்தது.

தான் வருவதாக நம்பி அவள் வீட்டில் காத்திருந்தால் பாவம். அவளுக்குப் போன் போட்டான்.

"திண்டிவனம் நேமிகுமார் பேசுறேங்க. நீங்க சம்மதம் சொன்னதா எனக்கு ஒரு மெசேஜ் வந்துச்சு. அத நம்பிக்கினு வர்றேன்னு சொல்லிட்டேன்."

"ஆமா, பாத்தேன்."

"அது தப்பா வந்த மெசேஜுங்க. டேட்டாபேஸ்ல பாத்துட்டேன், நீங்க எதுவும் சொல்லவே இல்ல. எல்லாம் நான் எழுதுனதுல வந்த கோளாறு. உங்களுக்கு வீண் பேஜாரு, மன்னிச்சிக்கோங்க. ஞாயித்துக்கிழம நான் வரலீங்க."

போனை வைக்கப் போனவனை அவள் குரல் நிறுத்தியது.

"ஏங்க, டேட்டாபேஸக் கேட்டீங்களே, பொத்தான அமுக்குனவள ஒரு வார்த்த கேட்டீங்களா?"