ரத்னா அக்காவின் வயிற்றுவலி

ரத்னா அக்காவுக்கு வயிற்றுவலியே கிடையாது. சும்மா சொல்லவில்லை, எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆனாலும் ஷிஃப்ட் முடிந்து அக்கா மறுபடி ஒரகடத்து ஆஸ்பத்திரிக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. இது மூன்றாவது தடவை. துணைக்கு நான்.

"கார்டு கீதுன்னா தெனம் ஆஸ்பத்திரியா?" என்று சூப்பர்வைசர் லோகேஷ் கம்பெனியில் அசெம்பிளி லைனிலேயே கேட்டுவிட்டார்.

அக்கா பர்மனென்ட். டாக்டர், ஸ்கேன், மாத்திரை எல்லாம் கம்பெனி கார்டிலேயே போய்விடும். பன்னிரண்டாவதோடு படிப்பை விட்டு காண்ட்ராக்டில் சேர்ந்த என்னைப் போன்றவர்களுக்கு அதெல்லாம் இல்லை. வீட்டில் ஒரு காப்பீட்டு அட்டை இருக்கிறது. ஆபரேஷன் என்று படுத்தால்தான் அது செல்லும். டாக்டரைப் பார்த்துவிட்டு வர உதவாது.

உள்ளே கூப்பிட்டார்கள். எத்தனை நாளாக உதிரம் போகிறது, கட்டியாக வருகிறதா, மயக்கம் உண்டா என்று டாக்டரம்மா கேட்டார். ஒவ்வொன்றுக்கும் அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னது, பாடத்தை மறந்த பிள்ளை மாதிரி.

டாக்டர் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். போன தடவை எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்து மேசையில் போட்டார்.

"கர்ப்பப்பை நார்மல். ரத்தமும் நார்மல். எதுக்கும்மா நடிக்கிற? லீவுக்கா?"

மாத்திரை மட்டுமாவது எழுதிக் கொடுங்கள் என்று அக்கா முனகியது.

"கெடையாது. இன்னொரு தடவை இப்படி வந்தா கம்பெனிக்கு எழுதிடுவேன். கார்டையே நிறுத்திடுவாங்க."

அக்காவின் இரண்டு பிள்ளைகளும் அந்தக் கார்டில்தான்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீயாவது புத்தி சொல்லும்மா. ஒண்ணும் இல்லாதவங்க வந்து உக்காந்தா, நெஜமாவே கஷ்டப்படறவங்க எங்க போவாங்க?"

கேட்டது நியாயம்தான். தலையாட்டினேன்.

வெளியே வந்து ஷேர் ஆட்டோவுக்கு நின்றோம். என்னால் நிற்க முடியவில்லை, வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அக்கா பையைத் துழாவி, போன தடவை மாத்திரையில் மிச்சமிருந்ததை என் கையில் வைத்தது.

"இன்னும் நிக்கலியாடி?"

"இல்லக்கா."

செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்றது. போனால் ஒரு நாள் போய்விடும். ஒரு நாள் வராவிட்டால் காண்ட்ராக்டர் என் இடத்தில் வேறு பெண்ணை நிறுத்திவிடுவார். அது அக்காவுக்கும் தெரியும். மறுபடி வற்புறுத்தவில்லை.

ஆட்டோ வந்தது. ஆள் நிரம்பியிருந்தது, போய்விட்டது.

அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தது.

"பயப்படாத. ஸ்கேன்ல ஒண்ணும் இல்லன்னுதான வந்திருக்கு."

சொன்ன பிறகுதான் அக்காவுக்கே உறைத்தது. தடவிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

ஸ்கேனுக்குப் படுத்தது நான் இல்லை.