தொள்ளாயிரத்து நாற்பது

"பேட்டரியைக் கழட்டாம பட்டனை எப்படி சார் சரிபண்றது?" ரிப்பேர்காரர் அலுத்துக்கொண்டார். டிவி வினாடி வினா நிகழ்ச்சியைக் கையில் வைத்தே விளையாடுகிற பழைய கருவி அது.

"கழட்டினா ஸ்கோர் அழிஞ்சிடும். தொள்ளாயிரத்து நாற்பது. என் வீட்டுக்காரி எடுத்தது." பெரியவரின் குரல் இறங்கியது.

ரிப்பேர்காரருக்கு மனசு இளகிவிட்டது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, பேட்டரியைத் தொடாமலே பட்டனைச் சரிசெய்தார்.

"அம்மா தவறி எத்தனை வருஷமாச்சு சார்?"

"ஐயோ, வாயைக் கழுவுங்க! வீட்டுல குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கா. இது அழிஞ்சா, அவகிட்ட தோத்த கடுப்புல நான்தான் அழிச்சேன்னு ஊரையே கூட்டிடுவா."

"சொல்லட்டுமே. நீங்கதான் அழிக்கலையே!"

பெரியவர் அசடு வழியச் சிரித்தார்.

"போன தடவை அழிச்சேனே!"